ஷம்லூல் என்னும் பிசாசு

என் கணவன் அயாத் லிபியாவிலிருந்து திரும்பி வந்தபோது, அவனுக்கு என்ன ஆயிற்று என்பது அவனைத் தவிர எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கண்ணேறு என்றாள் எதிர்வீட்டுக்காரி. செய்வினை என்றாள் அவளுடைய நாத்தனார். கோயிலில் இளைஞர் குழுவை நடத்தும் நஸீஹ் வாத்தியார் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவர் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொன்னார்: பாலைவனத்துப் பிசாசு மேற்குக் காற்றோடு வரும், மூக்கு வழியாக உள்ளே போகும். அதைக் கேட்ட பிறகு தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள்.

நடந்தது இதுதான். அயாத் டைல்ஸ் பதிக்கிறவன். எங்கள் மின்யா மாவட்டத்திலிருந்து எல்லோரும் போகிறார்களே என்று அவனும் லிபியாவுக்குப் போனான். ஒரு நாள் துப்பாக்கிக்காரர்கள் வேலை நடந்த இடத்துக்கு வந்தார்கள். எங்கள் கிறிஸ்தவர்கள் வழக்கப்படி மணிக்கட்டில் சிலுவை பச்சை குத்தியிருந்தவர்களை மட்டும் பிரித்து, ஒரு கிடங்கில் தள்ளி, இரும்பு ஷட்டரை இறக்கிவிட்டார்கள். சில நாளைக்கு ஒருமுறை காலையில் ஷட்டர் ஏறும். ஒருவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஷட்டர் இறங்கும். போனவன் திரும்பி வரமாட்டான். பிறகு ஒரு காலையில் ஷட்டர் ஏறவேயில்லை. வெளியே சத்தமும் இல்லை. மிச்சம் இருந்தவர்கள் அதை உள்ளிருந்தே நெம்பித் தூக்கினார்கள். காவலுக்கு இருந்தவர்கள் ஓடிப்போயிருந்தார்கள். இதை அயாத் என்னிடம் ஒரே ஒரு முறை, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, சொன்னான். நான் மறுபடி கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கீழேயே அவனுடைய சின்ன டைல்ஸ் கடை இருக்கிறது. கடைத்தெரு. காலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஷட்டர்கள் தடதடவென்று ஏறும். அந்த நேரத்தில் என் கணவன் டைல்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பல் கிட்டித்துப் போகும். கூப்பிட்டால் காது கேட்காது. எந்த அறையிலும் கதவைச் சாத்த விடமாட்டான். ஜனவரிக் குளிரில் தெருக்கதவைத் திறந்துபோட்டுத் தூங்கும் ஒரே வீடு எங்களுடையதுதான்.

என் மாமியார் கலீலா அத்தை அழுதாள். அழுகை அவளுக்கு நன்றாக வரும். "என் பிள்ளையை அனுப்பினப்ப சிங்கம் மாதிரி அனுப்பினேன். திரும்பி வந்தது யாரு? இது என் பிள்ளையே இல்ல" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள்.

பிள்ளை பக்கத்தில்தான் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பான்.

எங்கள் பங்குச் சாமியார் அபூனா பிசெந்தியைக் கூட்டி வந்தோம். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். வேறு எதுவும் சொல்வதற்கு இல்லாதவர்களைப் பற்றி அப்படித்தான் சொல்வது வழக்கம். எங்கள் சபை வழக்கப்படி கல்யாணமானவர், சாமியாராவதற்கு முன்னால் விவசாய இலாகாவில் இருந்தவர். அவர் பிரசங்கத்தைக் கேட்டால் பருத்திக்கு எப்போது உரம் வைக்கவேண்டும் என்று சொல்வது போலவே இருக்கும். எங்கள் வீட்டில் எண்ணெயில் திரிகளை ஏற்றிவைத்து, நோயாளிக்கான ஜெபத்தை வாசித்து, அயாத்தின் நெற்றியில் எண்ணெய் பூசினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "இன்சாஃப், இது என்னால ஆகுற காரியம் இல்ல. மலை மேல மடத்துல அபூனா எர்மியா இருக்காரே, அவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார். சொல்லிவிட்டு வேகமாகப் போனார். கடன்காரனைக் கண்டவர் போல.

அபூனா எர்மியாவைத் தெரியாதவர்கள் எங்கள் மாவட்டத்தில் இல்லை. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் மலை மேல் பேருந்துகள் வரிசையாக நிற்கும். நீளத் தாடி, பெரிய குரல், அந்தக் குரலுக்கும் போதாதென்று நான்கு ஒலிபெருக்கிகள். அத்தை, நஸீஹ் வாத்தியார், நான், அயாத் நான்கு பேரும் போனோம். மண்டபத்துக்குள் ஆயிரம் பேர் இருக்கலாம். எல்லோரும் உள்ளே வந்ததும் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். துரத்தப்படும் பிசாசு வழியில் போகிறவர்கள் மேல் ஏறிவிடக்கூடாதாம். என்ன ஒரு கரிசனம்!

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் அயாத் அலறினான். கீழே விழுந்து உருண்டான். கால் ஒரு பெஞ்சில் மோதிக் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. கூட்டத்துக்கு ஒரே சந்தோஷம். பணம் கொடுத்துப் பார்க்கும் கூத்தில்கூட இத்தனை வேகமாக ஆட்டம் சூடுபிடிக்காது. "தூக்கிட்டு வாங்க அவனை!" என்றார் அபூனா எர்மியா. நான்கு தடியர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

முகத்தில் தீர்த்தத்தை வாரி அடித்தார். தோளில் சிலுவையால் ஓங்கித் தட்டினார்.

"உன் பேரென்ன?"

அயாத் மூச்சு வாங்கினான்.

"பேரைச் சொல்லு! இந்த உடம்புக்குள்ள இருக்கிற அசுத்த ஆவியே, உன் பேரென்ன?"

மறுபடி தீர்த்தம். மறுபடி சிலுவை. இது வெகுநேரம் போயிற்று. ஒருகட்டத்தில் என் கணவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். பிறகு சாமியாரைப் பார்த்தான். அரசாங்க அலுவலகத்தில் நின்று களைத்துப் போனவன், எழுதிக்கொள் என்று சொல்கிற மாதிரி சொன்னான்:

"ஷம்லூல்."

மண்டபம் அதிர்ந்தது. "ஷம்லூல்! ஷம்லூல்!" என்று பெண்கள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"எங்கேருந்து வந்தே, ஷம்லூல்?"

"லிபியாவிலேருந்து."

"எத்தனை பேர் வந்தீங்க?"

"கொஞ்சம் பேர்தான் வந்தோம்."

"எப்ப வெளியே போவே?"

"கதவைத் திறந்தா போயிடுறேன்."

இதைவிட நேர்மையான பதிலை அந்த மண்டபம் கேட்டிருக்காது. கண் வழியாகப் போகாதே, கால் வழியாகப் போ என்று அபூனா எர்மியா பிசாசுக்கு வழி சொல்லிக்கொடுத்தார். கதவைத் திறந்தார்கள். அயாத் எழுந்து, யாரையும் பார்க்காமல், வெயிலுக்குள் நடந்து போய் ஒரு கல்லில் உட்கார்ந்தான். முகம் தெளிந்துவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். அவன் அங்கியின் கீழ் ஓரத்தில் நகம் பெயர்ந்த ரத்தம் தெறித்திருந்தது. பிசாசு கால் வழியாகப் போனதற்கு அடையாளமாக அது சிலுவை வடிவத்தில் இருப்பதாகச் சொல்லி நஸீஹ் வாத்தியார் கைபேசியில் வீடியோ படம் பிடித்தார். நான் பார்த்தபோது அது கத்தரிக்காய் வடிவத்தில் இருந்தது.

திரும்பி வரும் பேருந்தில் அயாத் என் காதருகே குனிந்தான்.

"ஷம்லூல் யாருன்னு தெரியுமா?"

"யாரு?"

"எங்க தாத்தா வீட்டுக் கழுதை."

எனக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டேன். முன்னால் இருந்த கிழவி திரும்பிப் பார்த்து, "பாரு, சந்தோஷத்துல அழறா" என்றாள். லிபியாவிலிருந்து வந்த பிறகு அன்றுதான் அவனும் முதல்முறையாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"பொய் சொல்லிட்டேன் இன்சாஃப். சிலுவைக்கு முன்னாடி."

"வேதத்துல பிலேயாமோட கழுதை பேசலையா? அதை எல்லாரும் நம்புறாங்கல்ல? உங்க தாத்தா கழுதை பேசினா மட்டும் என்ன குறைச்சல்?"

அவன் சிரிக்கவில்லை.

பிறகு என்ன, நாங்கள் பெரிய மனிதர்களாகிவிட்டோம். நஸீஹ் வாத்தியார் தன் பிரசங்கத்தையும் பேசிச் சேர்த்த அந்தப் படம் கைபேசி கைபேசியாகப் பரவியது. பின்னணியில் யாரோ பாட்டு வேறு சேர்த்திருந்தார்கள். ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். அயாத்தின் தோளைத் தொட்டார்கள். அந்தக் கட்டைவிரலைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். அத்தை கறுப்புப் பட்டுத்துணி போர்த்திக்கொண்டு நடு நாற்காலியில் உட்கார்ந்து, மகாராணி போல, "தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்பாள். அடுப்படியில் நின்று தேநீர் போடுவது நான்.

ஷட்டர்கள் என்னவோ தினமும் காலையில் தடதடவென்று ஏறிக்கொண்டுதான் இருந்தன. அயாத் இப்போது டைல்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிவதில்லை. குளியலறைக்குப் போய், கதவைத் திறந்துவைத்தபடியே, குழாயை முழுதாகத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் நடுங்குவான். ஏனென்றால் நஸீஹ் வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "இனிமே உடம்பு சரியில்லன்னு வாயால சொல்லிடாதே. சொன்னா அது திரும்பி வரும். வேதத்துல இருக்கிற மாதிரி இன்னும் ஏழு பேரோட வரும்." முன்பு அவனுக்கு நோய் மட்டும்தான் இருந்தது. குணமாக்கிய பிறகு நோய்ப்படும் உரிமையும் போயிற்று.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் வர்தா கடைக்கு வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப்புறத்துக் கிராமத்துக்காரி, விதவை. இருபது வயது மகள் ரிஃப்காவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். நல்ல பெண், வட்ட முகம், கூச்சமான சிரிப்பு. கன்னத்தில் மட்டும் பழைய காயம் ஒன்று இருந்தது. சின்ன வயதிலிருந்தே வலிப்பு என்றாள் வர்தா.

"மாத்திரை சாப்பிடுறாளா?" என்றேன்.

"நிறுத்திட்டேன்மா. இவரு படத்தைப் பார்த்த அன்னிக்கே நிறுத்திட்டேன். மாத்திரையை ஒரு கையில வெச்சுக்கிட்டு ஆண்டவரை இன்னொரு கையால பிடிக்க முடியாதுன்னு அதுல சொல்றாங்கல்ல?"

அதைச் சொல்வது நஸீஹ் வாத்தியாரின் குரல். பூகோளம் போதாமல் அவர் மருத்துவத்துக்கும் வந்துவிட்டார். அவருக்கு ரத்தக்கொதிப்பு, தினமும் சாப்பாட்டுக்கு முன் வெள்ளை மாத்திரை ஒன்றை விழுங்குவார்.

வர்தா அயாத்தின் கையை எடுத்து மகளின் தலையில் வைக்கப் பார்த்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா. ஷம்லூலை விரட்டினவரு நீங்க."

அயாத் கையை இழுத்துக்கொண்டான். அந்த நேரத்தில்தான் பெண்ணின் கண் மேலே செருகியது. நின்ற இடத்திலேயே, மரம் சாய்வது போல, பின்பக்கமாக விழுந்தாள். கூர்மையான டைல்ஸ் அடுக்குகளுக்கு நடுவே அவள் தலை போய் மோதுவதற்குள் அயாத் தன் உடம்பைக் குறுக்கே போட்டான். தலைப்பாகையை அவிழ்த்துத் தலைக்கு அடியில் கொடுத்தான். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் வழிந்த நுரையைத் துடைத்தான். பெட்டிக்குப் பின்னால் ஒளிகிற என் கணவன்தான் இதெல்லாம் செய்தான். நான் தண்ணீர்ச் செம்போடு மரக்கட்டை மாதிரி நின்றேன். ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று வந்தது. வெகுநேரம் இழுத்தது. வர்தாவோ தரையில் மண்டியிட்டு, "ஷம்லூல், வெளியே போ! ஷம்லூல், வெளியே போ!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றான் அயாத். "நிறுத்துங்க. ஷம்லூல் ஒரு கழுதை."

"ஆமாய்யா, கழுதைப் பிசாசு, நாய்ப் பிசாசு..."

"பிசாசு இல்லம்மா. கழுதை. நாலு கால் உள்ள கழுதை. எங்க தாத்தா வீட்டுல புல் தின்னுச்சு. என்னை அடிச்சுப் பேரு கேட்டாங்க, வாயில வந்ததைச் சொன்னேன். நான் குணமாகல. உங்க பொண்ணுக்கு மாத்திரையைக் குடுங்க."

வர்தா அவனையே பார்த்தாள். அடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டாள்.

ரிஃப்காவை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அயாத் நேராகக் கோயிலுக்கு நடந்தான். நானும் போனேன். அபூனா பிசெந்தி பாவசங்கீர்த்தனம் கேட்கும் சின்ன அறையில் இருந்தார். அயாத் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றான். அவர் புரிந்துகொண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். நான் விலகிப் போகப் பார்த்தேன். "இருக்கட்டும், அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்ல" என்றான் அயாத்.

எல்லாவற்றையும் சொன்னான். கழுதை, குளியலறைக் குழாய், வலிப்பு. நான் அபூனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான மருந்தை எடுத்து நீட்டுவார், ஐம்பது தரம் மண்டியிட்டு எழு என்பார் என்று எதிர்பார்த்தேன். நாலு சொல் தயாராக வைத்திருந்தேன்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தார்.

"உன் பொய்யில பாதி என்னோடதுடா அயாத்" என்றார். "அன்னிக்கு உன் நெத்தியில எண்ணெய் பூசினப்ப எனக்கு உன்னைப் பார்த்துப் பயம். உன்கிட்ட பிசாசு இருக்குன்னு நான் நினைக்கவே இல்ல. உனக்கு நடந்ததை நீ சொல்ல ஆரம்பிச்சா அதைக் கேட்டுட்டு என்ன பதில் சொல்றதுன்னு பயம். அதான் மலைக்குத் தள்ளிவிட்டேன்."

"நீங்க இத்தனை வருஷமா ஜெபம் பண்றீங்களே அபூனா, யாராவது குணமாகியிருக்காங்களா?" என்று கேட்டேன். குத்துவதற்காகத்தான் கேட்டேன்.

"சிலபேர் குணமானாங்க. சிலபேர் செத்துப்போனாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ஜெபத்தைத்தான் வாசிச்சேன். எது எதனாலன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியும்னு சொன்னா அது இன்னொரு பொய்."

தயாராக வைத்திருந்த நாலு சொல்லும் எனக்கு வீணாகப் போயிற்று. தனக்குத் தெரியாது என்று சொல்லும் சாமியாரைத் திட்ட எனக்கு அதுவரை பழக்கமில்லை.

"இப்ப நான் என்ன பண்றது?" என்றான் அயாத்.

"அந்தப் படத்தைப் பார்த்து இன்னும் எத்தனை வர்தா மாத்திரையை நிறுத்தியிருக்காளோ. நீ சொல்லணும். நான் பக்கத்துல நிக்கிறேன். எனக்குக் கால் நடுங்கும், அதைப் பார்த்து நீ பயப்படாதே."

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து தீர்த்தம் தெளிப்பதற்கு முன், அபூனா அயாத்தை முன்னால் கூப்பிட்டார். சாட்சி சொல்லப்போகிறான் என்று நினைத்து நஸீஹ் வாத்தியார் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். முதல் இரண்டு வாக்கியத்திலேயே கை இறங்கிவிட்டது.

"அபூனா, இதை நிறுத்துங்க! பலவீனமான ஆத்துமாக்கள் இடறிப்போவாங்க. வெளியில கேட்டா நம்மளைப் பார்த்துச் சிரிப்பாங்க!"

"உட்காருங்க வாத்தியாரே" என்றார் அபூனா பிசெந்தி. குரல் கீச்சென்று போயிற்று. ஆனாலும் சொன்னார். "சிரிச்சா சிரிக்கட்டும். அந்தப் பொண்ணு பொழைச்சிருக்கா. அது போதும்."

அயாத் அதிகம் பேசவில்லை. கிடங்கில் இருந்ததைச் சொன்னான். கூட இருந்து திரும்பாதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். அதை யாரும் அதுவரை அவனிடம் கேட்டதில்லை. ஊரில் எல்லோரும் கேட்டது பிசாசின் பெயரை மட்டும்தான். "நான் இன்னும் நடுங்குறேன். தினமும் நடுங்குறேன். ஆண்டவரை விட்டுப் போகல. மாத்திரை சாப்பிடுறவங்க சாப்பிடுங்க. ஷம்லூல் எங்க தாத்தா கழுதை" என்று முடித்தான்.

பின்வரிசையில் ஒரு கிழவர் குபீரென்று சிரித்தார். சிரிப்பு ஆண்கள் பக்கம் முழுவதும் பரவியது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, "கோயிலை நாசம் பண்ணிட்டான்!" என்று கத்தினாள். தன் மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, அயாத்துக்கு உறவு என்று எங்கள் வீட்டுப் புகழைச் சொல்லி வைத்திருந்தவள். அவள் கஷ்டம் அவளுக்கு. பாதிப் பேர் தீர்த்தம் தெளிக்கும்வரைகூட நிற்கவில்லை. பிசாசு ஏழு பேரோடு திரும்பிவிட்டது என்று மலையிலிருந்து மறுநாளே சேதி வந்தது. சேதி வந்த வேகத்தைப் பார்த்தால் அங்கே அதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள் போலும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் திட்டு வாங்கத் தயாரானேன். அவள் பட்டுத்துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும் அத்தை?"

"என் மாமனார் வீட்டுக் கழுதை பேரு எனக்குத் தெரியாதா? பத்து வருஷம் அதுக்குப் புல்லு போட்டவ நான். என்னை ரெண்டு தரம் உதைச்சிருக்கு."

"தெரிஞ்சுமா வாயைத் திறக்கல?"

"தெரு வாயடைச்சுப் போச்சேடி! என் பிள்ளையைப் பைத்தியம்னு சொன்ன வாயெல்லாம் அவன் தோளைத் தொட்டு முத்தம் குடுத்துச்சே. அது எனக்கு வேண்டியிருந்தது. போதுமா?" என்றவள், அயாத் பக்கம் திரும்பினாள். "டேய், அந்தப் பேரையெல்லாம் சொன்னியே... அதுல ஒருத்தன் நம்ம சுல்தானா மகனாடா?"

"ஆமாம்மா."

"அவ இன்னும் அவன் வருவான்னு உட்கார்ந்திருக்கா" என்றாள். பெட்டியை மூடிவிட்டு அன்று மாலையே சுல்தானா வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன பேசினாள் என்று என்னிடம் சொல்லவில்லை. வரும்போது கண் வீங்கியிருந்தது. இந்தமுறை யாருக்கும் காட்டுவதற்காக அழுத அழுகை இல்லை.

திங்கட்கிழமை காலை ஷட்டர் நேரத்தில் அபூனா பிசெந்தி எங்கள் கடைக்கு வந்தார். மறுபடி பெட்டிகளுக்குப் பின்னால் வந்துவிட்ட அயாத்துக்குப் பக்கத்தில், அந்தப் பெரிய உடம்பை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். ஜெபிக்கவில்லை. கையைக்கூடப் பிடிக்கவில்லை. சத்தம் ஓயும்வரை இருந்துவிட்டு எழுந்து போனார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். என் நாக்கு சும்மா இருக்குமா? "என்ன அபூனா, சம்பளத்துக்கு வேலையா?" என்றேன். அவர் வரும் வழியில் வாங்கிய மசகு டப்பாவைக் காட்டினார்.

திருச்சபையின் மகா ஆயுதம்! அதை எடுத்துக்கொண்டு தெருவில் கடை கடையாக ஏறினார். ஷட்டர் பள்ளங்களில் மசகு தடவி, மெதுவாகத் தூக்குங்கள் என்று கேட்டார். அவரை எரிச்சலோடு பார்த்தவர்களும் உண்டு. மொச்சைக்கூழ் கடை ஹாஜி ஸப்ரிதான், "இதுக்கா இத்தனை நாள் அந்தப் பையனை மலைக்கும் மடுவுக்கும் இழுத்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஷட்டரையே கழட்டிட்டுத் துணி தொங்கவிட்டிருப்பேனே" என்றார். உண்மைதான். இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த ஞானிகள் ஒருவருக்கும் பக்கத்துக் கடையில் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சத்தம் குறைந்தது. நிற்கவில்லை. அயாத் பெட்டிக்குப் பின்னாலிருந்து கல்லாப்பெட்டி வரைக்கும் வந்தான்.

ஒருநாள் ரொட்டிக்கடை ஃபிக்ரி வந்து வாசலில் நின்றான். அவனைக் குடிகாரன் என்றுதான் ஊர் ஒதுக்கி வைத்திருந்தது. பகலிலேயே தனக்குத்தானே பேசிக்கொண்டு நடப்பான். உள்ளே வராமல் கேட்டான்:

"உனக்கு நாத்தம் வருமா?"

"டீசல் நாத்தம்" என்றான் அயாத்.

"எனக்குப் பெயின்ட். லிபியாவுல எங்களை வெச்சிருந்தது பெயின்ட் கிடங்கு" என்றான் ஃபிக்ரி. "நாலு வருஷம் ஆச்சு. குடிக்கல நான். ஒரு சொட்டு குடிச்சதில்ல. குடிகாரன்னு சொன்னாங்க, சரி, அது சொல்றதுக்குச் சுலபமா இருக்குன்னு விட்டுட்டேன்."

அயாத் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டான். இப்படித்தான் ஆரம்பித்தது. ஃபிக்ரிக்குப் பிறகு இன்னும் சிலர். லிபியாவிலிருந்து திரும்பியவர்கள், திரும்பாதவர்களின் தகப்பன்மார்கள். வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில், எல்லாக் கதவும் திறந்திருக்க, உட்கார்வார்கள். வர்தா சில வாரம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு ரிஃப்காவோடு வந்தாள். அந்தப் பெண் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாள், எப்போதாவது விழுகிறாள். விழுந்தால் யாரும் அலறுவதில்லை. தலைக்கு மெத்தை கொடுத்துவிட்டு, நிறுத்திய பேச்சைத் தொடர்வார்கள். கண் திறந்ததும் தேநீருக்கு எத்தனை சர்க்கரை என்று கேட்பார்கள். அங்கே என்ன சாதிக்கிறார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பாதி நேரம் வெயிலைப் பற்றியும் கால்பந்தைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். மீதிப் பாதியை நான் இங்கே சொல்லமாட்டேன். நஸீஹ் வாத்தியார் ஒருமுறை வந்து, இந்தக் குழுவுக்கு ஒரு பெயரும் பதாகையும் வேண்டும் என்றார். ஃபிக்ரி அவரை ஏற இறங்கப் பார்த்து, "நாற்காலி அங்க இருக்கு, உட்காருறீங்களா?" என்று மட்டும் கேட்டான். அவருக்கு நேரமில்லை.

பெரிய நோன்பு தொடங்கிய வாரத்தில் ஒருநாள் அபூனா பிசெந்தி வரவில்லை. கால் பெருவிரல் வீங்கித் தரையில் ஊன்ற முடியவில்லை என்று அவர் மனைவி சொல்லியனுப்பினாள். ஆண்கள் எல்லோரும் கிளம்பி அவர் வீட்டுக்குப் போனார்கள். நானும் வர்தாவும் எள்ளு ரொட்டியோடு பின்னால் போனோம். அவர் வெட்கப்பட்டுப் போர்வையால் காலை மூடினார்.

"வந்ததே போதும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

யாரும் நகரவில்லை. அவர் மெதுவான குரலில், "எனக்காக யாராவது ஒரு ஜெபம் சொல்லுங்களேன். இருபது வருஷமா எனக்கு யாரும் சொன்னதில்ல" என்றார்.

சாமியாருக்கு யார் ஜெபிப்பது? கடைசியில் ஃபிக்ரி எழுந்தான். கையில் ரொட்டி மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. கண்ணை மூடத் தோன்றாமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"ஆண்டவரே, இவருக்குக் கால் வீங்கியிருக்கு. உமக்குத் தெரியும். என்ன பண்றதுன்னு எங்களுக்குத் தெரியல. நாங்க இங்க உட்கார்ந்திருக்கோம். ஆமென்."

என் வாழ்நாளில் கேட்ட ஜெபங்களில் கடைசிவரை கவனம் சிதறாமல் கேட்டது அது ஒன்றைத்தான். அபூனா போர்வை நுனியால் முகத்தைத் துடைத்தார். நாங்கள் மரியாதைக்காகச் சுவரைப் பார்த்தோம்.

வீக்கம் அன்று வடியவில்லை, மறுநாளும் வடியவில்லை. வைத்தியர் வந்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். இறைச்சி தொடக்கூடாது என்றார். நோன்பு நாளில் யார் தொடப்போகிறார்கள்? நடக்க ஆரம்பிக்கும்வரை ஆண்கள் முறைவைத்துப் போய் அவர் கட்டிலருகே உட்கார்ந்தார்கள். பேச ஒன்றும் இல்லாதபோது டோமினோ ஆடினார்கள். அபூனா காயைக் கள்ளத்தனமாக மாற்றிவைக்கிறார் என்று அயாத் வந்து சொன்னான்.